ஃப்ரிட்ஜ்ல வச்ச கீரை மூணே நாள்ல கொழகொழன்னு ஆயிடுதுங்க, ஒரு வாரம் தாங்க என்ன பண்றீங்க?

சனிக்கிழமை சந்தை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல இருக்கேன், வீட்டுக்காரரும் நானும் ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம், காலைல 8 மணிக்கு கெளம்புனா ராத்திரி ஏழரைக்குத்தான் வீடு திரும்புறது, அதனால வாரத்துல ஒரே நாள் சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கெல்லாம் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போயி அந்த வாரத்துக்கு வேண்டியதை மொத்தமா வாங்கிட்டு வந்துருவேன். காய்ல எந்தப் பிரச்சனையும் இல்லைங்க. கீரைதான்.

போன மாசம் பொண்ணுக்கு (9 வயசு) ரத்த டெஸ்ட் எடுத்ததுல ஹீமோகுளோபின் 9.4 தான் இருந்துச்சு. டாக்டர் டானிக் எழுதிக் குடுத்துட்டு வாரத்துல நாலு நாளாவது கீரை குடுங்கன்னு சொன்னாங்க. அதுல இருந்து வாரா வாரம் அஞ்சு கட்டு வாங்கறேன், அரைக்கீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை, ஒரு மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி இல்லைன்னா முருங்கைக்கீரை, அது போக கொத்தமல்லி புதினா. ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை கொஞ்சம் வாடும். செவ்வாய்க்கிழமை கவரைத் தொறந்தா ஒரு வாடை வருது பாருங்க, முளைக்கீரை நடுவுல கருப்பா கொழகொழன்னு கைல ஒட்டுது, வெந்தயக்கீரை மஞ்சளாயிடுது. அஞ்சு கட்டுல ரெண்டு கட்டு கண்டிப்பா குப்பைக்குப் போகுதுங்க. கட்டு 15 ரூபாய், காசு பெருசில்லை, ஆனா அந்த அம்மா ராத்திரியெல்லாம் முழிச்சு கட்டுக்கட்டி எடுத்துட்டு வந்து விக்கறதை பாத்துட்டு வந்து அதையே தூக்கிப் போடறப்ப மனசு கேக்க மாட்டேங்குது, அதுக்கு மேல பொண்ணுக்கு அன்னைக்கு கீரை இல்லாமப் போயிடுது.

நான் பண்றது என்னன்னா, வந்த உடனே கட்டோட நல்லா அலசிட்டு (மண்ணு நெறையா இருக்கும்) தண்ணிய உதறிட்டு கவர்ல போட்டு முடிச்சுப் போட்டு கீழ காய்கறி ட்ரேல வச்சிருவேன். இது சரியில்லைன்னு தெரிஞ்சு ரெண்டு வாரம் வேற மாதிரியும் பண்ணிப் பாத்துட்டேன். ஒரு வாரம் கழுவாம நியூஸ் பேப்பர்ல மட்டும் சுத்தி வச்சேன், அழுகல ஆனா மூணாவது நாள் எடுத்தா சருகு மாதிரி தொங்கிப் போயிருந்துச்சு. அடுத்த வாரம் அலசி எவர்சில்வர் டப்பால போட்டு இறுக்கமா மூடி வச்சேன், வாடவே இல்லை ஆனா அடில தண்ணி சேந்து அழுகிடுச்சு. ஃப்ரிட்ஜ் டபுள் டோர், ஐஸ் கட்டாத மாடல், வாங்கி நாலு வருசம் ஆச்சுங்க, கூலிங் நல்லாத்தான் இருக்கு.

கழுவி வைக்கணுமா கழுவாம வைக்கணுமா? ஆஞ்சு வச்சா நல்லதா கட்டோடவா? எந்தக் கீரை முதல்ல செய்யணும் எது தாங்கும்? யாராச்சும் நெசமாவே ஒரு வாரம் வச்சு சாப்புடறவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

---

மோர்க்குழம்பு:

கழுவிட்டு வைக்காதீங்க, அதுதான் முதல் தப்பு. மண்ணோட இருந்தா பரவால்ல, செய்யப் போற அன்னைக்கு நாலு தண்ணில அலசிக்கலாம். அப்புறம் அந்த வாழைநார் கட்டை வீட்டுக்கு வந்த உடனே அவுத்து விட்ருங்க. நீங்களே சொல்றீங்க நடுவுலதான் கருத்துப் போகுதுன்னு, கட்டு எங்க இறுக்கமா இருக்கோ அங்க காத்தே போகாது, கசங்குன இலையும் அங்கதான் இருக்கும், அழுகல் ஆரம்பிக்கறதே அந்த இடத்துலதான்.

---

அடுப்படி அத்தை:

உன் கேள்வியைப் படிச்சதும் என் மருமக ஞாபகம்தான் வந்துச்சு ம்மா, அவளும் இதே மாதிரி கவரோட உள்ள தள்ளிட்டு புதன்கிழமை மூக்கைப் பிடிச்சுக்கிட்டு தூக்கிப் போடுவா. எனக்கு 61 வயசு, கும்பகோணம் பக்கம், எங்க வீட்ல வாரத்துல அஞ்சு நாள் கீரை உண்டு, நான் பண்றதை அப்படியே சொல்றேன்.

சந்தைல இருந்து வந்ததும் காப்பி குடிக்கறதுக்கு முன்னாடியே கட்டை எல்லாம் அவுத்து தரைல ஒரு பழைய வேட்டியை விரிச்சு அதுல பரப்பிடுவேன். ஃபேன் போட மாட்டேன், போட்டா வாடிடும், நிழல்ல சும்மா அரை மணி நேரம் முக்கா மணி நேரம் கெடக்கட்டும். கீரைக்காரங்க தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத்தானே வச்சிருப்பாங்க, அந்த ஈரம் மேலாப்புல போகணும், இலை வாடக் கூடாது, அவ்வளவுதான் பக்குவம். தொட்டுப் பாத்தா கைல தண்ணி ஒட்டக் கூடாது. அப்பவே பழுத்த இலை, கசங்குன இலை, பூச்சி எச்சம் இருக்கறது, களைப்புல்லு எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துருவேன். இதுக்கு சோம்பல் படாதே, ஒரு அழுகுன இலை உள்ள போனாலும் பக்கத்துல இருக்கறதை எல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிடும்.

வேரோட இருக்கற கீரைன்னா வேரை மட்டும் நறுக்கி எறிஞ்சிடறது, அதுலதான் மண்ணெல்லாம். தண்டோட வச்சுக்கோ, முழுசா ஆஞ்சு வைக்காதே. நறுக்கியும் வைக்காதே. நேரம் இல்லாதவங்க கிள்ளி வைக்கலாம் தப்பில்லை, ஆனா அதை ரெண்டு மூணு நாளுக்குள்ள செஞ்சிடணும், கிள்ளுன இடமெல்லாம் காயம் மாதிரி தானே, கருத்துப் போகும்.

அப்புறம் பழைய பருத்தித் துணி, நூல் புடவை, வேட்டி இருந்தா ரொம்ப நல்லது, நல்லா தண்ணி குடிக்கும். பாலியெஸ்டர் துணி வேணாம் அது குடிக்காது. ஒவ்வொரு கீரையையும் தனித்தனியா ஒரு துணியில தளர்வா சுருட்டி, பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல அடில ஒரு துணி மேல ஒரு துணி போட்டு மூடி வச்சிடறது. அமுக்கி வைக்காதே. டப்பா இல்லைன்னா துணில சுருட்டுனதை ஒரு கவருக்குள்ள விட்டு வாயை லேசா மடிச்சு விட்டாலும் போதும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தொறந்து துணியைத் தொட்டுப் பாரு, ஈரமா இருந்தா காஞ்ச துணி மாத்து. இந்த ஒரு வேலையைச் செஞ்சா ஏழு நாள் நிக்கும், பொன்னாங்கண்ணி பத்து நாள் கூட எனக்கு நின்னிருக்கு.

எதை முதல்ல செய்யணும்னு கேட்டியே, எங்க வீட்ல சனிக்கிழமை வாங்குனா ஞாயிறு முளைக்கீரையோ சிறுகீரையோ, அது பச்சப்புள்ள மாதிரி, காத்திருக்காது. திங்கள் வெந்தயக்கீரை, பொறுத்தா மஞ்சளாகிக் கசப்பு ஏறும். புதன் அரைக்கீரை. கடைசியா வெள்ளிக்கிழமைக்கு மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, தண்டு கெட்டியா இருக்கறதெல்லாம் தாங்கும். அகத்திக்கீரை வாங்குனா அன்னைக்கே உருவி எடு, காம்போட வச்சா எல்லாம் கொட்டிப் போயிடும். முருங்கைக்கீரையும் அப்படித்தான், ஆனா அது நமக்கு சாதகம், ராத்திரி ஒரு துண்டுல இறுக்கமா சுத்தி வெளியிலேயே வச்சிட்டா காலைல உதறுனா போதும் இலையெல்லாம் தானா உதிரும், உக்காந்து உருவ வேண்டியதே இல்லை. உதிர்ந்த இலையை டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம், நாலு நாள் தாங்கும்.

குழந்தைக்கு கீரை குடுக்கறப்ப கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம் பழமோ சேத்துக்கோ ம்மா, அதுல இருக்கற வைட்டமின் சி இரும்புச் சத்தை ஒடம்புல சேக்கும்னு எங்க டாக்டரம்மா சொல்லுவாங்க. சாப்பிட்ட கையோட டீ காப்பி குடுக்காதே.

---

ஏர்க்கால்:

அக்கா, நான் திருவள்ளூர் பக்கம். எங்க அப்பா 30 வருசமா கீரைதான் போடறாரு, அம்மா கூடைல வச்சு வித்திருக்காங்க, இப்ப நான் பாத்துக்கறேன். அத்தை சொன்னது எல்லாம் சரி, நான் வெளைவிக்கற பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன் ஏன்னா வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி விஷயம் முடிஞ்சு போயிடுது.

பட்டணத்துக்குப் போற கீரையை நாங்க முந்தின நாள் சாயங்காலம் வெயில் எறங்குனதும் புடுங்குவோம். நாலு மணிக்கு ஆரம்பிச்சா ஏழு எட்டு மணி ஆயிடும், அப்புறம் கட்டு கட்டி வேரை தொட்டித் தண்ணில அலசி, ஈரச்சாக்கு போத்தி வண்டில ஏத்தி ராத்திரியே கோயம்பேடு போயிடும். அங்க இருந்து சில்லறை கடைக்குப் போயி நீங்க காலைல எட்டு மணிக்கு வாங்குறீங்கன்னா செடில இருந்து வந்து 14, 15 மணி நேரம் ஆயிருக்கும். சாயங்காலம் வாங்குனா முழுசா ஒரு நாள். அதுவரைக்கும் வெயில்லயும் சூட்டுலயும் இருந்துட்டுத்தான் உங்க ஃப்ரிட்ஜுக்கு வருது. அதனால உழவர் சந்தைல காலைல ஆறு மணிக்கு வாங்கறீங்க பாருங்க அதுவே பெரிய விஷயம்கா, விவசாயியே நேரா கொண்டு வர்ற எடம், அதை விடாதீங்க. எது இன்னைக்கு புடுங்குனது எது நேத்து புடுங்குனதுன்னு தயங்காம கேளுங்க, உண்மையைச் சொல்லுவாங்க.

வாங்கும்போது பாக்க வேண்டியது, தண்டை ஒடிச்சுப் பாருங்க, டக்குனு ஒடியணும், ரப்பர் மாதிரி வளைஞ்சா முத்தல் இல்லைன்னா வாடுனது. கட்டு மேல பாக்காதீங்க, மேல நாங்க தண்ணி தெளிச்சிருப்போம் பளபளன்னுதான் இருக்கும், கட்டை கைல எடுத்து நடுவுல விரலை விட்டுப் பாருங்க, சூடா இருந்தா அந்தக் கட்டு வேண்டாம். நெசமாவே சூடா இருக்கும்கா, நெருக்கி அடுக்குன கீரை உள்ளுக்குள்ள சூடாகும், லோடு எறக்கும்போது கைய விட்டா எங்களுக்கே தெரியும். அது ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் நிக்காது. இலைல ஓட்டை இருந்தா பயப்படாதீங்க, பூச்சி கடிச்சது கண்ணுக்குத் தெரியும், மருந்து அடிச்சது தெரியாது. நுனில பூ கதிர் வந்திருந்தா முத்திருச்சுன்னு அர்த்தம்.

முளைக்கீரை சிறுகீரை எல்லாம் 20, 25 நாள்ல வேரோட புடுங்கறது, ரொம்ப இளசு, உள்ள தண்ணிதான், அதான் முதல்ல அழுகுது. அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும், தண்டு கொஞ்சம் கெட்டியா இருக்கும், அதனால தாங்கும். நீங்க அஞ்சு கட்டுல ரெண்டு கட்டு போகுதுன்னு சொன்னீங்க, அந்த ரெண்டும் முளைக்கீரையும் வெந்தயக்கீரையும்தானே? அதை வாரக் கடைசி வரைக்கும் வச்சுக்க நெனைக்காதீங்க, என்ன பண்ணாலும் மூணு நாள், அதிகபட்சம் நாலு.

வேரோட வாங்குன கட்டை அன்னைக்கு சாயங்காலமே செய்யப் போறீங்கன்னா ஃப்ரிட்ஜே வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணில வேர் மட்டும் முங்குற மாதிரி நிழல்ல நிக்க வச்சுருங்க, காலைல புடுங்குன மாதிரி நிமிந்து நிக்கும். எங்கம்மா கூடைல தூக்கிட்டுப் போறப்ப அடில ஈரச்சாக்கு போட்டு வேரை அது மேல வச்சு அடுக்குவாங்க, இலை மேல தண்ணி விடவே மாட்டாங்க. "வேர் குடிக்கட்டும், இலை எதுக்குக் குடிக்கணும்"னு கேப்பாங்க.

கீரையைத் தூக்கிப் போடறப்ப எங்களை நெனச்சு வருத்தப்பட்டதா எழுதியிருந்தீங்க. அதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்கா.

---

குளிர்பதனம்:

நான் ஃபுட் டெக்னாலஜி படிச்சிட்டு காய்கறி கோல்ட் ஸ்டோரேஜ் ஒன்னுல வேலை பாக்கறேன். மேல சொன்ன மூணு பேரும் கை அனுபவத்துல சொன்னது எல்லாமே சரி. சிஸ்டர் நீங்க பண்ணிப் பாத்த ரெண்டு சோதனை இருக்கு பாருங்க, பேப்பர்ல சுத்துனது வாடுச்சு, டப்பால மூடுனது அழுகுச்சு, அந்த ரெண்டுலயும் பாதி பாதி சரியாப் பண்ணிருக்கீங்க. ரெண்டையும் ஒன்னா சேத்துப் பண்ணிருந்தா அன்னைக்கே சரியாயிருக்கும், அது ஏன்னு சொல்றேன்.

கீரையைப் பறிச்சப்புறமும் அதுக்கு உயிர் இருக்கு. மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், அதுல சூடும் தண்ணியும் வரும், ஏர்க்கால் தம்பி கட்டுக்குள்ள விரல விட்டா சூடா இருக்கும்னு சொன்னது அதனாலதான். சூடு 10 டிகிரி கூடுனா மூச்சு விடற வேகம் ரெண்டு மூணு மடங்கு ஆகும். அதாவது 34 டிகிரி வெயில்ல கார் டிக்கில ஒரு மணி நேரம் கெடந்த கீரை, ஃப்ரிட்ஜ்ல பல மணி நேரம் செலவழிக்க வேண்டிய ஆயுசை அங்கேயே தொலைச்சிடும். சந்தைல இருந்து நேரா வீட்டுக்கு வாங்க, வேற கடைக்குப் போற வேலை இருந்தா கீரையைக் கடைசியா வாங்குங்க.

ரெண்டாவது, இலைல இருக்கற தண்ணி காத்துல போயிக்கிட்டே இருக்கும். வேர் இருந்தப்ப மேல ஏறிச்சு, இப்ப ஏறாது, அதனால தொங்கிடும். இதைத் தடுக்கணும்னா சுத்தி இருக்கற காத்து ஈரமா இருக்கணும். நாங்க இலைக்காய்கறி வைக்கற ரூம்ல 0 டிகிரியும் 95 சதவீதத்துக்கு மேல ஈரப்பதமும் வைப்போம். உங்களோடது ஐஸ் கட்டாத மாடல், அதுல ஒரு ஃபேன் குளிர்ந்த காத்தை சுத்தி சுத்தி விட்டுக்கிட்டு அதுல இருக்கற ஈரத்தையும் எடுத்துக்கிட்டே இருக்கும், உள்ள காத்து வறண்டுதான் இருக்கும். பேப்பர்ல மட்டும் சுத்துனா பேப்பரும் ஈரத்தை உறிஞ்சும், வெளிக்காத்தும் உறிஞ்சும், சருகுதான் ஆகும். பழைய சிங்கிள் டோர் மாடல்ல இது இவ்வளவு தெரியாது.

மூணாவது அழுகல். காத்துல ஈரம் இருக்கணுமே தவிர இலை மேல தண்ணி நிக்கக் கூடாது. தண்ணி படலமா ஒட்டியிருந்தா அழுகல் பாக்டீரியாவுக்கு அதுதான் வீடு, கசங்குன எடம் வழியா உள்ள போயி இலையைக் கரைச்சிடும், அந்தக் கொழகொழ அதுதான். கழுவி மூடுன டப்பால நடந்தது இது. கழுவாம மூடுனா கூட இலை விடற ஈரம் மூடில பட்டு சொட்டா விழும், அதைக் குடிக்கத்தான் அத்தை துணி போடச் சொல்றாங்க. டப்பா ஈரத்தை வெளிய விடாது, துணி சொட்டைக் குடிச்சிடும். ரெண்டும் வேணும்.

இன்னும் ஒன்னு யாரும் சொல்லல. அந்த ட்ரேல கீரை கூட வேற என்ன வைக்கறீங்க? தக்காளி, பழுத்த வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, கொய்யா, சப்போட்டா, ஆப்பிள் இதெல்லாம் பழுக்கறப்ப எத்திலீன்னு ஒரு வாயு விடும், கண்ணுக்கும் தெரியாது மணக்கவும் செய்யாது. அது பட்டா கீரை மஞ்சளாகும், இலை உதிரும். உங்க வெந்தயக்கீரை மஞ்சளானதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முருங்கைக்கீரையைத் துண்டுல சுத்தி வச்சா உதிர்றதும் இதே வாயு உள்ள தேங்கறதாலதான், அது பாட்டிமார் கண்டுபிடிச்ச அருமையான வித்தை. பழத்தை எல்லாம் மேல் தட்டுக்கு மாத்துங்க, தக்காளி ரெண்டு மூணு நாள்ல தீந்துடும்னா வெளியவே வைங்க.

ட்ரே மேல ஒரு சின்ன தள்ளுற பட்டன் இருந்தா அதை மூடுன பக்கம் வைங்க, ஈரம் உள்ளயே நிக்கும். ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரில இருக்குன்னு பாக்கணும்னா ஒரு தெர்மாமீட்டரை (சமையல் தெர்மாமீட்டர், காய்ச்சல் பாக்கறது இல்லை) ஒரு டம்ளர் தண்ணில போட்டு ராத்திரி முழுக்க உள்ள வச்சுட்டு காலைல பாருங்க, 3ல இருந்து 4க்குள்ள இருந்தா நல்லது. பின் சுவத்துல ஒட்டி வைக்காதீங்க, அங்க சில சமயம் உறைஞ்சு போகும், உறைஞ்ச இலை கண்ணாடி மாதிரி ஆகி வெளிய எடுத்ததும் துவண்டு கருப்பாயிடும், அதை நெறையப் பேரு அழுகல்னு நெனைக்கறாங்க.

வாடிப் போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. வாடுனது வேற அழுகுனது வேற. தண்டு நுனியைக் கொஞ்சம் வெட்டிட்டு சில்லுன்னு தண்ணில 20 நிமிஷம் போட்டா நிமிந்துரும். நாத்தமோ வழவழப்போ இருந்தா மட்டும் யோசிக்காம போட்ருங்க.

---

மோர்க்குழம்பு:

நியூஸ் பேப்பர் பத்தி ஒரு வார்த்தை. நிறைய வீட்ல அதுலதான் சுத்துறாங்க, எங்க வீட்லயும் அப்படித்தான். அதுல இருக்கற மை சாப்பாட்டுல ஒட்டும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2016லயே நியூஸ் பேப்பர்ல உணவைக் கட்ட வேண்டாம்னு அறிவிச்சிருக்காங்க. ஈரக் கீரைன்னா இன்னும் மோசம், மை இலைலயே பதியும். சின்னக் குழந்தைக்குக் குடுக்கறது வேற. துணி இல்லைன்னா அச்சடிக்காத டிஷ்யூ பேப்பர் வாங்கி வச்சுக்கோங்க.

---

அடுப்படி அத்தை:

நல்லவேளை சொன்னே. கருவேப்பிலையை நான் இத்தனை நாளும் பேப்பர்லதான் மடிச்சு வச்சிட்டிருந்தேன், இன்னைக்கே மாத்திடறேன்.

---

மாடித்தோட்டம்:

கொத்தமல்லி, புதினா, கருவேப்பிலை பத்தி யாரும் விரிவா சொல்லலையே. கேட்டவங்களும் மல்லி கருத்துப் போகுதுன்னு சொல்லல, ஆனா எல்லார் வீட்லயும் முதல்ல போறது அதுதான்.

கொத்தமல்லி வேரோட நல்லா இருந்தா ரெண்டு வழி. ஒரு டம்ளர்ல ரெண்டு விரல் தண்ணி விட்டு பூங்கொத்து மாதிரி நிக்க வச்சு, மேல ஒரு கவரை தளர்வா கவுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சா பத்து நாளைக்குக் குறையாம நிக்கும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்தணும். ஆனா எடம் அடைக்கும், குழந்தைங்க கதவைத் தொறந்தா தட்டி விட்ருவாங்க. எடம் இல்லைன்னா வேரை வெட்டிட்டு பழுத்த இலை எடுத்துட்டு துணி போட்ட டப்பாதான். தண்டை எறியாதீங்க, ரசத்துக்கு அதுலதான் மணம்.

புதினாவுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்ல. இலையைக் கிள்ளி சட்னிக்கு எடுத்துக்கிட்டு தண்டை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி தண்ணில வச்சா ஒரு வாரத்துல வேர் விடும், தொட்டில நட்டா அப்புறம் வாங்கவே வேண்டாம். பொன்னாங்கண்ணியும் அப்படித்தான், சாப்பிட்ட கட்டோட தண்டை ஈர மண்ணுல சொருகுனா போதும், எங்க வீட்ல இப்ப ரெண்டு தொட்டி பொன்னாங்கண்ணி இருக்கு, கடைல வாங்குன ஒரே கட்டுல இருந்து வந்தது. வாரத்துல ஒரு நாள் கீரை அதுலயே ஓடிடும். உங்களுக்கு பால்கனி இருந்தா கண்டிப்பா வைங்க.

கருவேப்பிலை ஈர்க்குல இருந்து உருவி, கழுவாம, துணில நல்லா துடைச்சு ஏர்டைட் டப்பால போட்டா ரெண்டு மூணு வாரம் வரும். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் கருக்கும். துளசியை மட்டும் ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர் தாங்காம கருத்திடும், வெளிய தண்ணில வைங்க.

ஃப்ரீசர்ல வைக்கறது பத்தி குளிர்பதனம் சாரே சொன்னா நல்லாருக்கும்.

---

குளிர்பதனம்:

சொல்றேன். வெள்ளி சனிக்கு வேண்டிய ரெண்டு கட்டை ஃப்ரீசருக்கு அனுப்புறது ரொம்ப நல்ல யோசனை, வேலைக்குப் போறவங்களுக்கு இதுதான் சௌகரியம். ஆனா பச்சையா அப்படியே போடாதீங்க. இலைக்குள்ள இருக்கற என்சைம் ஃப்ரீசர்லயும் மெதுவா வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், நிறமும் ருசியும் போயிடும். கீரையை ஆஞ்சு அலசி, கொதிக்கற தண்ணில ஒன்னு ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து உடனே ஐஸ் தண்ணில போடுங்க. ஆறுனதும் கையால பிழிஞ்சு, ஒரு வேளைக்கு வேண்டிய அளவு உருண்டையா உருட்டி சின்னச் சின்ன கவர்ல போட்டு காத்தை அமுக்கி எடுத்துட்டு ஃப்ரீசர்ல வைங்க. கவர் மேல தேதி எழுதிக்கோங்க. மாசக்கணக்குல இருக்கும், நீங்க எப்படியும் அந்த வாரமே எடுத்துடுவீங்க. கடைசல், கூட்டு, பருப்புக்கீரை, சப்பாத்தி மாவுல பிசையறது இதுக்கெல்லாம் அருமையா இருக்கும், பொரியலுக்கு மட்டும் வராது, இலை துவண்டு போயிருக்கும். வெளிய எடுத்து உருக விட வேண்டாம், நேரா கொதிக்கற பருப்புல போட்ருங்க.

சமைச்ச கீரை பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா நேரமில்லாதவங்க ராத்திரியே கடைஞ்சு வச்சிடலாமேன்னு நெனைப்பாங்க. செஞ்ச கீரையை வெளிய வைக்காதீங்க. கீரைல இயற்கையாவே நைட்ரேட் இருக்கு, வெளிய சூட்டுல கெடந்தா பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். பழைய கீரை சாப்பிடக் கூடாதுன்னு வீட்ல பெரியவங்க சொல்றதுல விஷயம் இருக்கு. செஞ்சா சூடு ஆறுன உடனே, எப்படியும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாளே ஒரே தடவை சூடு பண்ணி முடிச்சிருங்க. கைக்குழந்தைக்கு வச்சிருந்த கீரை வேண்டவே வேண்டாம், அன்னன்னைக்கு செஞ்சதுதான்.

---

சனிக்கிழமை சந்தை:

பத்து நாள் கழிச்சு வந்து எழுதறேன், முழுசா ஒரு வாரம் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லணும்னு இருந்தேங்க.

போன சனிக்கிழமை போறப்பவே கட்டு நடுவுல விரலை விட்டுப் பாத்தேன். ஒரு கடைல நெசமாவே வெதுவெதுன்னு இருந்துச்சு, இத்தனை வருசமா இது எனக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு அம்மாகிட்ட இன்னைக்குப் புடுங்குனதான்னு கேட்டேன், அரைக்கீரை விடியக்காலம் அறுத்தது, முளைக்கீரை நேத்து சாயங்காலத்துது, அதை இன்னைக்கே செஞ்சுக்கோ கண்ணுன்னு அவங்களே சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து வேட்டி விரிச்சு பரப்புனேன். பொண்ணும் கூட உக்காந்து பழுத்த இலை பொறுக்குனா, முக்கா மணி நேரம் ஆச்சு, அவளுக்கு எது அரைக்கீரை எது மணத்தக்காளின்னு இப்ப தெரியும். மாமியாரோட பழைய நூல் புடவை ஒன்னைக் கேட்டு வாங்கி எட்டுத் துண்டா கிழிச்சு தொவைச்சு காய வச்சிருந்தேன். தக்காளியையும் கொய்யாப் பழத்தையும் ட்ரேல இருந்து வெளிய எடுத்துட்டேன் (இத்தனை நாளும் கீரைக்கு மேலயே வச்சிருக்கேங்க). ட்ரேல அந்தப் பட்டன் இருந்துச்சு, தொறந்தே கெடந்துச்சு, மூடிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி வேண்டாம்னு மாமியார் சொன்னதால முளைக்கீரை ஞாயிறு மத்தியானம் செஞ்சேன். திங்கள் வெந்தயக்கீரை, பச்சையாவே இருந்துச்சு. செவ்வாய் துணி மாத்துனேன், நல்ல ஈரமா இருந்துச்சு, இவ்வளவு தண்ணி கீரைல இருந்தா வருதுன்னு ஆச்சரியமா இருந்துச்சு. புதன் அரைக்கீரை கடைஞ்சேன். வியாழக்கிழமை ஊர்ல இருந்து ஆள் வந்ததால செய்ய முடியல. வெள்ளிக்கிழமை காலைல மணத்தக்காளியை எடுத்தேன், ஆறு நாள், ரெண்டே ரெண்டு இலைதான் மஞ்சள், மத்ததெல்லாம் வாங்குனப்ப எப்படியோ அப்படியே இருந்துச்சு. தேங்காப்பால் விட்டு செஞ்சேன். பொன்னாங்கண்ணி எட்டாவது நாள் செஞ்சேன், அதுவும் நல்லாருந்துச்சு. தண்டு நாலஞ்சை பால்கனில பழைய பெயின்ட் டப்பால சொருகி வச்சிருக்கேன்.

குப்பைக்கு ஒரு கட்டு கூடப் போகலைங்க. ஒரு கட்டு கூட.

ஏர்க்கால் தம்பி, உங்க அம்மாகிட்ட இதையும் படிச்சுக் காட்டுங்க.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்குங்க. மாசத்துல ஒரு நாள் எங்க ஏரியால பராமரிப்புக்குன்னு காலைல 9ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் கரன்ட் இருக்காது. அன்னைக்கு டப்பால இருக்கற கீரை தாங்குமா, இல்லை வேற எங்கயாவது மாத்தணுமா?

---

ஏர்க்கால்:

படிச்சுக் காட்டிட்டேன்கா, சிரிச்சாங்க. கரன்ட் போற அன்னைக்கு ஃப்ரிட்ஜைத் தொறக்காமயே விட்ருங்க, எட்டு மணி நேரத்துல கீரைக்கு ஒன்னும் ஆகாது. கரன்ட் வந்தப்புறம் துணி ஈரமா இருக்கான்னு பாத்து மாத்திருங்க, போதும். எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி பெரிய மண்தொட்டில மணலைக் கொட்டி தண்ணி ஊத்தி அது நடுவுல சின்னப் பானையை வச்சு, பானைக்குள்ள கீரையைப் போட்டு மேல ஈரத்துணியால மூடி வைப்போம், காத்தோட்டமான நிழல்ல. சித்திரை வெயில்லயும் ரெண்டு நாள் நிக்கும். மணல் மட்டும் காயக் கூடாது, காலைல ஒரு சொம்பு சாயங்காலம் ஒரு சொம்பு.